என் இடத்தில் நிற்க ஓர் ஆள்

லீவில் போகிறவன் தன் இடத்தில் நிற்க ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டுத்தான் போகவேண்டும். எனக்குத் தெரிந்த வழக்கம் அதுதான். ஆம்பூரில் தோல் வேலை பார்த்த எவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். அதனால் இங்கே ஜெர்மனியில், நான் வேலை செய்யும் சின்னக் கைப்பைப் பட்டறையின் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உனக்கு உர்லாவுப் சேர்ந்திருக்கிறது, ஊருக்குப் போய் வா" என்று லீவு கொடுத்ததும், மறுநாள் காலையில் பக்கத்து அறை யாழ்ப்பாணத்துச் செல்வராசாவை அழைத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தினேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வேலையை விடப்போகிறாயா? நான் என்ன குறை வைத்தேன்?" என்றார். இவன் நல்ல பையன், சுத்தமாக வெட்டுவான் என்று அரைகுறை ஜெர்மனில் நான் சொல்லச் சொல்ல, அவருக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் அவர் மனைவிதான் விளக்கினார். ஆளெல்லாம் வேண்டாமாம். என் மேசை சும்மா கிடக்குமாம், சம்பளம் மட்டும் வருமாம். சட்டமாம். அவர்கள் இருவரையும் சேர்த்தே பட்டறையில் ஐந்து பேர்தான். இத்தனூண்டு இடத்துக்குள் சட்டம் எப்படி நுழைந்தது என்று நானும் செல்வராசாவும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

எங்கள் ஊரில் அது நுழையாது. அண்ணன் தேவராஜ் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியில் ஷெட்டுக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் முதலாளி பெயர், அந்தப் பக்கம் அவர் மைத்துனர் பெயர். இரண்டு பக்கமும் சட்டம் கேட்கும் எண்ணிக்கைக்கு ஆள் குறைவு என்று காட்டிவிட்டால், சம்பளத்தோடு லீவு தரவேண்டிய சட்டம் வாசலோடு திரும்பிவிடும். லீவு கேட்டால் மேஸ்திரி ஒன்றுதான் கேட்பார்: "யார நிறுத்திட்டுப் போற?" வெளியாளை நிறுத்தினால் அவனே அங்கு நிலைத்துவிடுவான். வீட்டு ஆள்தான் நிற்கவேண்டும். அண்ணனுக்கு எப்போதும் நான்தான் நின்றேன். அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று மூத்த மகனென்று அண்ணன் கல்லறைக்குப் போனான். நான் அவனுடைய சுண்ணாம்புக் குழியில் நின்று தோலைப் புரட்டிக்கொண்டே சர்ச் மணியைக் கேட்டேன். அந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

உர்லாவுப்பில் ஊருக்குப் போய் இறங்கியபோது அண்ணன் பாதியாக இருந்தான். இருமினால் சுவரைப் பிடித்துக்கொள்கிறான். வேலூர் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கச் சொல்லி ரொம்ப நாளாகிறதாம்.

"ஏண்ணா போவல?"

"நீ பிளேன் ஏறிட்ட. எனக்கு யாருடா நிக்கறது? ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க."

"வேலைய உட்டுடு. நான் அனுப்பறேன்."

"எத்தினி வருசம் அனுப்புவ? இருமல்காரன வேற எவன் சேத்துக்குவான்? பேஜார் பண்ணாத."

மறுநாள் அண்ணி அவனை வேலூருக்குக் கூட்டிப்போனாள். நான் குழியில் இறங்கினேன். "இன்னாபா ஜெர்மனி, லீவுல வந்து வேலையா?" என்று மேஸ்திரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெர்மனியில் என் மேசைக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே நான் நின்றதற்கான கூலி அண்ணன் பெயரில் ஏறியது. இரண்டு இடத்திலும் சம்பளம் ஓடியது, எனக்குத்தான் ஓய்வில்லை.

நுரையீரல் கெட்டிருக்கிறது, பல மாதம் படுக்கையில் இருக்கவேண்டும், மறுபடி அந்த ஈரத்தில் நின்றால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் லீவோ முடிந்துவிட்டது. அண்ணன் வேலையை விட்டுவைக்கச் சொல்லி டேனரி முதலாளியிடம் போய்க் கெஞ்சினேன். "நானா வேணாங்கறேன்? ஆளக் குடு, எவ்ளோ நாள் வேணா படுத்துக்கட்டும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

நான் கிளம்பவேண்டிய நாள் காலை அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஷெட்டுக்கு, நான் நின்றிருந்த குழிக்கு வந்தான். ஊசி போட்ட கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏறுடா. உனக்கு நேரமாச்சு."

"வாணாண்ணா."

"ஏறுன்றேன் இல்ல."

நான் ஏறினேன். அவன் இறங்கினான்.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து சேர்ந்த அன்று, சுண்ணாம்பு பட்டு உரிந்துகொண்டிருந்த என் கைகளை முதலாளியின் மனைவி பார்த்தார். "கடற்கரை வெயிலா? நன்றாகத்தான் ஓய்வெடுத்திருக்கிறாய்" என்று சந்தோஷப்பட்டார். "யா" என்று தலையாட்டினேன். இவர்களுக்கு எந்த மொழியில் இதைச் சொல்லிப் புரியவைப்பது? அவர் சுவர்க் காலண்டரைப் புரட்டி, அடுத்த உர்லாவுப் எந்த மாதம் வேண்டும், இப்போதே சொல்லிவிடு என்றார். அண்ணன் எந்த மாதம் வரைக்கும் தாங்குவான் என்று எனக்குத் தெரியவில்லை.