இடது சீட்டில் எலிசாள்

விஜயலக்ஷ்மி கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கரமனை அக்ரஹாரத்தில் அவளைத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் பெண்கள் கல்லூரியில் படித்த காலத்தில் அவள் ஒரு கார் ராலியில் கலந்துகொண்டவள் என்பது, அந்தத் தெருவில் கணவர் சாம்பசிவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று ஓட்டியவள் எலிசாள். விழிஞ்ஞத்துக்காரி, விஜியின் வகுப்புத் தோழி. அவளுடைய அப்பா ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். வீட்டில் ஒரு பத்மினி கார் நின்றது. எண்பத்தைந்தில் ஒரு மோட்டார் கிளப், பெண்களுக்கென்று பொன்முடி மலைக்கு ராலி நடத்தியது. எலிசாள் பேர் கொடுத்துவிட்டு விஜியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தாள். வளைவுகளைச் சொல்வதும் கடிகாரத்தைப் பார்ப்பதும் விஜியின் வேலை. அது வேகப் போட்டியல்ல. குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தில் இருக்க வேண்டும், முந்திப் போனாலும் மதிப்பெண் போய்விடும். எலிசாள் எல்லா இடத்துக்கும் முந்திப் போனாள். கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. மலை உச்சியில், மூடுபனிக்குள் நின்றுகொண்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"எறங்கறச்சே நான் கொஞ்சம் ஓட்டட்டுமாடி?" என்று விஜி கேட்டாள்.

"ஒனக்கு கியர் மாத்தவே தெரியாது. சும்மா இரு பிள்ள."

பிறகு கல்யாணம், குழந்தைகள், ஆபீஸ். சாம்பசிவன் காரின் வேகமுள்ளை நாற்பதுக்கு மேல் ஏற விடமாட்டார். அவருடைய காரிலேயே விஜி ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். கோயிலுக்கும் சாலைக் கடைவீதிக்கும் அது போதுமாக இருந்தது. எலிசாளோ கணவனின் ஜீப், மீன் ஏற்றும் வேன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஓட்டினாள்.

போன வருடம் எலிசாளுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. கிளட்சை மிதிக்க முடியவில்லை. தன் காரை விற்றுவிட்டாள். விஜி பார்க்கப் போனபோது, துறைமுகத்துப் பெரிய கிரேன்கள் தெரியும் ஜன்னல் அருகே உட்கார்ந்திருந்தாள்.

"கார் இல்லாத முற்றம், ஆள் செத்த வீடு மாதிரி இருக்குட்டி" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே விஜி முடிவு செய்துவிட்டாள். மறுநாள் போன் போட்டாள். "ஒரு கார் வாங்கப் போறேன். சின்னதா, வளைவுல ஓட்டறச்சே மனசுக்கு சந்தோஷமா இருக்கணும். பழசு போதும். நீதான் பாத்துச் சொல்லணும்."

"யாரு ஓட்டுவா?"

"நான்தான்."

"எப்ப வந்து கூட்டிட்டுப் போவ?" என்றாள் எலிசாள்.

முதல் காரைப் பட்டம் ஜங்ஷனில் பார்த்தார்கள். பளபளவென்று இருந்தது. எலிசாள் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தாள். உள்ளே இருந்த பகுதியில் சேற்றுக் கறை. "வெள்ளத்துல கிடந்த வண்டி. வா, போவோம்."

பேரூர்க்கடையில் பார்த்த இரண்டாவது காரின் சைலன்சர் தெருவையே எழுப்பியது. விஜிக்கு உள்ளூர அது பிடித்துத்தான் இருந்தது. எலிசாள் தலையை ஆட்டிவிட்டாள். "ஓட்டினவன் இதைப் படாத பாடு படுத்தியிருக்கான், கேட்டியா."

மூன்றாவது, சாஸ்தமங்கலத்தில் ஒரு பல் டாக்டரின் நீல நிற பலேனோ ஆர்.எஸ். சின்ன டர்போ எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று எலிசாள் முன்னாலேயே சொல்லியிருந்தாள். பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமாமல் எழுந்தது.

"டயரு காய்ஞ்சு போச்சு. அதை மாத்திக்கிடலாம். இது நல்ல கையில இருந்த வண்டி."

அதையே வாங்கி, கிள்ளிப்பாலத்தில் மெக்கானிக் கைலாஷின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். அவன் லேப்டாப்பைக் காரின் கம்ப்யூட்டரோடு இணைத்தான். "சேச்சி, இதுல கொஞ்சம் மாத்தினா போதும், பவர் நல்லா கூடும்."

விஜியின் கண்கள் விரிந்தன. எலிசாள் குறுக்கே வந்தாள். "முதல்ல நல்லா நிக்கட்டும். ஓடுறதைப் பிறகு பாப்போம்."

அவள் சொன்னபடி தரையைப் பிடித்துப் போகும் டயர்களும், புது பிரேக் பேடுகளும், புது பிரேக் ஆயிலும் போட்டார்கள். குள்ளமான விஜிக்கு ஏற்றபடி எலிசாளே சீட்டை உயர்த்தி வைத்தாள்.

பொன்முடிக்குக் கிளம்பும் காலையில் சாம்பசிவன் வாசலில் நின்றார். "ரெண்டு பேரும் இந்த வயசுல மலை ஏறப் போறேளா? ஸ்வெட்டர் எடுத்துக்கோங்கோ."

கல்லாறு தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. "ரெண்டாவது போடு! ரெண்டாவது!" என்று எலிசாள் கத்தினாள். அவள் கால், தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. ஐந்தாவது வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. விஜி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து ஒதுங்கினாள். பஸ் போனதும் இரண்டாவது கியர், கொஞ்சம் ஆக்சிலரேட்டர். முதுகைச் சீட்டோடு அழுத்திக்கொண்டு கார் ஏறியது. விஜிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பத்தொன்பது வயதில் எலிசாளிடம் கேட்ட ஸ்டியரிங் இப்போது கையில் அதிர்ந்தது.

எலிசாள் மேல் கைப்பிடியை இறுக்கப் பிடித்திருந்தாள். "எட்டி, நிறுத்து."

"கால் வலிக்கறதா?"

"இல்ல. இந்தப் பக்கம் இருந்தா இம்புட்டு பயமாவா இருக்கும்? அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லலியே!"

"பயமாத்தான் இருந்தது. ஆனா நன்னாவும் இருந்ததுடி. சொன்னா நீ மெதுவாப் போயிடுவியோன்னு பேசாம இருந்தேன்."

எலிசாள் அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, எடு. பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே பிடி, உள்ள போன பிறகு பிடிக்காத. அடுத்தது வலது பக்கம், நல்ல கொண்டை ஊசி."

அதற்கப்புறம் மாதம் இரண்டு ஞாயிறு தவறாமல் போனார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்ததால் வனத்துறையினர் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். அந்த இடைவெளியில் கைலாஷ் ஷாக் அப்சார்பர்களை மாற்றிக் கொடுத்தான். கோவளம் பைபாஸில் ஓட்டிப் பார்த்தார்கள். நேர் ரோட்டில் என்ன இருக்கிறது என்று எலிசாள் முகத்தைச் சுளித்தாள். இப்போது தினமும் காலையில் வனத்துறை ஆபீசுக்கு போன் செய்து, பாதை எப்போது திறக்கும் என்று கேட்பது அவள் வேலை.