விலாங்கு நாள் ஊறுகாய்

யாராவது கேக் வாங்கி வந்தால் சிசுயோ முதலில் அதை மோந்து பார்ப்பார். பிறகு பெட்டியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானங்களை வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பார். கொடுத்தவர் எதிரிலேயே நிற்கிறாரே என்ற கூச்சமெல்லாம் கிடையாது.

“ரம் ஊத்தியிருக்கான். இது ஆபீஸ் ரூமுக்குப் போகட்டும். நம்ம ஆளுங்க கண்ணுல காட்டாதீங்க.”

நம்ம ஆளுங்க என்றால் நோயாளிகள். ஜப்பானின் கோச்சி நகரத் துறைமுகத்துக்குப் பின்னால், குடிநோய்க்கு மட்டும் மருத்துவம் பார்க்கும் சின்ன கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை. வயது ஐம்பத்தெட்டு. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மேஜையெல்லாம் தேடுவார். நோயாளிகள் வைத்த பெயர் மோப்பக்காரி.

“மூக்கை இன்சூர் பண்ணி வச்சிருக்கீங்களா, நர்ஸம்மா?”

“என் மூக்கு கிடக்கட்டும். உங்க ஈரல் எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க.”

கல்யாணப் பந்தியில் சாராயக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தால், உடம்புக்கு என்ன என்று நாலு பேர் கேட்கிற ஊர் இது. அதற்கும் அவரிடம் பதில் உண்டு. “ஆமா, வியாதிதான்னு சொல்லுங்க. சர்க்கரைக்காரர் இனிப்பு வேணாம்னா யாராச்சும் சிரிக்கிறாங்களா?”

கிளினிக்கில் கொடுக்கும் மருந்து பார்க்கப் பச்சைத் தண்ணீர் போல இருக்கும். தினம் காலையில் மனைவி முன்னால் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாய் சாராயம் உள்ளே போனாலும் முகம் செக்கச் சிவக்கும், நெஞ்சு படபடக்கும். அதனால் உணவில் ஒளிந்திருக்கும் சாராயத்துக்கும் பயப்பட வேண்டும். சுவரில் சிசுயோ கைப்பட எழுதிய பட்டியல் தொங்குகிறது: இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் நீர், மது நிரப்பிய சாக்லேட். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் கீழே சேர்ப்பார். கடைக்குப் போனால் வெங்காயம் வாங்க ஐந்து நிமிடம், பாட்டில்களின் முதுகைப் படிக்க ஒரு மணி நேரம்.

இந்தப் பழக்கம் ஹமாகுச்சி போன பிறகு வந்தது. ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள், ஹமாகுச்சி என்ற மீனவர் கிளினிக் கூடத்தில் சிவந்த முகத்தோடு நின்று, “சத்தியமா குடிக்கல நர்ஸம்மா” என்றார். “முகம் பொய் சொல்லாதுங்க” என்று சொல்லிவிட்டார் சிசுயோ. அவர் குடிக்காத நாட்களைக் குறிக்கும் சிறு புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை. இரண்டாவது குளிர்காலத்தில் ஈரல் அவரைக் கொண்டுபோனது. இறுதிச் சடங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாருக்கும் முகம் கொடுக்காமல் வந்தார் சிசுயோ. அந்தப் புத்தகம் இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

இந்த ஜூலையில் ஒரு நாள். ஊரெல்லாம் விலாங்கு மீன் சுட்டுத் தின்னும் நாள் அது. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் நிஷிமோரி, டாக்டரைப் பார்க்க மனைவி மசுயேயோடு வந்திருந்தார். ஒன்பது மாதமாக ஒரு சொட்டு தொடாதவர். மசுயே கட்டிவந்த சாப்பாட்டைக் கூடத்திலேயே சாப்பிட்டார். எழுந்து கழிப்பறைக்குப் போனார். திரும்பும்போது காதுவரை சிவந்திருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஊதிப் பார்க்கும் கருவியில் எண் ஏறியது.

“கக்கூஸ்ல ஒளிச்சு வச்சிருந்தீங்களா?” மசுயேயின் குரல் உயரவில்லை. கைப்பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்தார். விவாகரத்துப் படிவம். மருத்துவம் தொடங்கிய அன்றே இருவரும் முத்திரை குத்தி வைத்தது. இன்னொரு சொட்டு தொட்டால் நகராட்சியில் கொடுத்துக் கல்யாணத்தை முறித்துக்கொள்வது என்று பேச்சு. “நகராட்சி அஞ்சு மணிவரை தெறந்திருக்கும். நான் கிளம்புறேன்.”

“குடிக்கல, மசுயே.” நிஷிமோரி அவ்வளவுதான் சொன்னார்.

சிசுயோ வாசலை மறித்து நின்றார். “நகராட்சி எங்கயும் ஓடிடாது. பதினஞ்சு நிமிஷம் குடுங்கம்மா. அண்ணே, தண்ணியில நல்லா வாய் கொப்பளிங்க. அந்த டிபன் பாக்ஸை இப்படிக் குடுங்க.”

மூடியைத் திறந்து மூக்கை நுழைத்தார். சோறு. விலாங்கு. ஓரத்தில் தின்றது போகக் கரும்பழுப்பாக மூன்று துண்டு நராசுகே ஊறுகாய்.

“இதை எதுலம்மா ஊற வைப்பாங்க?”

“சாக்கே, அதான் அரிசிச் சாராயம், வடிச்ச சக்கையில. எங்கம்மா அனுப்பினது. விலாங்குக்கு நராசுகே வைக்காம எப்படி? எங்க வீட்ல சின்னப் பிள்ளைங்களே...” மசுயே பாதியில் நிறுத்தினார்.

சிசுயோ மூன்று துண்டையும் வாயில் போட்டு மென்றார். கருவியை எடுத்து ஊதினார். எண்ணை மசுயேயின் பக்கம் திருப்பிக் காட்டினார். அது நிஷிமோரியின் எண்ணைவிட அதிகம்.

“நான் காலைல இருந்து பார்லி டீதான் குடிச்சேன். என்னையும் டிவோர்ஸ் பண்ணிடுவீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. சிசுயோவும் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, “வாயில ஒட்டினது பதினஞ்சு நிமிஷத்துல போயிடும், குடிச்சது போகாது” என்று சொல்லி உட்கார்ந்தார். மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்து நிஷிமோரி ஊதினார். பூஜ்யம். சிசுயோ ஊதினார். பூஜ்யம்.

மசுயே தாளைத் திரும்பப் பைக்குள் வைத்தார், கிழிக்கவில்லை. கணவரின் நெற்றி வியர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். “சாயங்காலம் அம்மாகிட்ட போன்ல பேசிக்கிறேன்” என்றார்.

சிசுயோ காதிலிருந்த பேனாவை ஒரே முயற்சியில் கண்டுபிடித்து, பட்டியலின் அடியில் ‘நராசுகே’ என்று எழுதினார். கடைசி எழுத்தில் பேனா நின்றது. ஹமாகுச்சி வந்ததும் ஒரு ஜூலை மாதம்தான். அவர் சட்டையில் விலாங்குக் குழம்பு மணந்தது இன்றைக்கு நினைவுக்கு வந்தது.

பேனாவை மூடினார். நிஷிமோரிக்கு நேராக வந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்புவரை குனிந்தார்.

“பட்டியல்ல நான் எழுதாம விட்டது. என் தப்பு. மன்னிச்சிடுங்க.”

“அய்யய்யோ, நிமிருங்க நர்ஸம்மா. நீங்க போய்...”

அவர் நிமிரவில்லை. ஒரு ஆளிடம் மன்னிப்புக் கேட்கும் நேரம் கடந்தும் அப்படியே நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் நிஷிமோரியும் எதிரே குனிந்தார். இரண்டு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்துகொண்டார்.