புருல்சாவின் ஓராள் கச்சேரி

நாரின் என்ற ஊரின் இசைக்குழுவில் பதினொரு வருஷம் கியாக் என்ற வில்வாத்தியம் வாசித்தவள் புருல்சா. குதிரைமயிர்த் தந்திகள் மொத்தமே இரண்டு. அந்த இரண்டிலும் எல்லோருக்கும் பின்னால்தான் வந்து சேர்வாள். "நீ முடிக்கிறதுக்குள்ள நாங்க டீ குடிச்சிட்டு வந்துடலாம் தாயி," என்று தலைவர் முகாஷ் ஒருநாள் நயமாக வழியனுப்பிவிட்டார்.

யாரும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன, தன்னோடு தானே வாசிப்பது என்று முடிவுசெய்து, காலால் மிதிக்கும் லூப் பெட்டி ஒன்றை வாங்கினாள். மைக்கில் விழுவதைப் பிடித்து அது திரும்பத் திரும்ப ஒலிக்கும். மறுபடி மிதித்தால் அதன்மேலேயே அடுத்த ஒலியையும் அடுக்கடுக்காக ஏற்றலாம். ஒரே மாதத்தில் ஓர் உண்மை தெரிந்தது: அவளுக்கு அவளோடும் ஒத்துவரவில்லை.

இருந்தும் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டாள். பெட்டியை மிதித்து, தாளத்துக்காகக் கியாக்கின் உடம்பில் நாலு தட்டு தட்டினாள். எதிரே மாப்பிள்ளையின் அம்மா உல்கான், பெரிய வெள்ளைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். புருல்சா பக்கத்தில் நின்ற தங்கையிடம் முணுமுணுத்தாள்: "அந்தம்மா தலையைப் பாருடி, நூடுல்ஸைச் சுத்தி வச்ச மாதிரி!"

பெட்டி விடுமா? நாலு நொடிக்கொரு தரம் கூடமெங்கும் நூடுல்ஸ் சுற்றியது. அழிக்கப் பதறி மறுபடி மிதித்தாள். "ஐயோ, அழிக்கிறது எதுடி?" அதுவும் மேலே ஏறிக்கொண்டது.

சிரிப்புக்கு நடுவே உல்கான் எழுந்து நேராக மைக்குக்கு வந்தார். புருல்சா கியாக்கின் வில்லைக் கேடயம்போல மார்பில் அணைத்துக்கொண்டாள். அந்த மயிர்க்கற்றை எதைத் தடுக்குமோ, அவளுக்கே தெரியவில்லை.

"எதை மிதிக்கணும்?"

"இ... இதைத்தாம்மா."

உல்கான் ஓங்கி மிதித்தார். "என் நூடுல்ஸ் வெந்திருக்கு! உன் வாசிப்புத்தான் வேகல!"

மூன்று பேச்சும் ஒன்றையொன்று துரத்த, தாளம் கச்சிதமாக விழுந்தது. இளசுகள் ஆட எழுந்தார்கள்.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? வாசி!" என்று உல்கான் அதட்டினார்.

வாசித்தாள். பயத்தில் ஓரடிகூடப் பின்தங்கவில்லை. முடிந்ததும் உல்கான் ஒரு பெரிய இறைச்சித் துண்டை அவள் தட்டில் வைத்தார். "தின்னு. வாய்க்கு வேற வேலை இருக்கட்டும்."

இப்போது மாதம் நாலைந்து கல்யாணத்துக்கு அழைப்பு வருகிறது. யாரும் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "அக்கா, எங்க மாமியாரையும் திட்டுவீங்கல்ல?" என்றுதான் கேட்கிறார்கள். புருல்சா தன் இசைஞானத்தை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "மாமியார் பேர் சொல்லுங்க," என்று குறித்துக்கொள்கிறாள்.