என் மகள் ஏ/எல்

குளுவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் என் வேலையே எழுத்து பார்ப்பதுதான். கையுறைப் பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிளில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் அந்தப் பெட்டி வெளியே போகக் கூடாது. தரம் பார்க்கும் கியூசி மேசையில் பதினெட்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சூப்பர்வைசர்கூடத் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் என்னிடம்தான் நீட்டினார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

எங்கள் மலேசியாவில் தமிழர்களின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் இரண்டு எழுத்து உண்டு. மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. மலாயில் அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான் என்பதன் சுருக்கம் அது. என் மகளுடைய பிறப்புப் பத்திரத்தில் ஏ/எல் என்று இருக்கிறது. பெண் பிள்ளைக்கு மகன் என்று! அவளுக்கு மூத்தவன் பையன். அவனுடைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியதில், அவனுக்கு இருந்தது அப்படியே இவளுக்கும் இறங்கிவிட்டது. பாரத்தை நிரப்பியது என் வீட்டுக்காரர். அப்படித்தான் பதினைந்து வருடமாக நான் எங்கள் ஊர் ரெங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வயதில் அவளுக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை எடுக்கப் போனபோது, பதிவு அலுவலக முகப்பில் இருந்த பெண் அதைக் கவனித்துச் சொன்னாள். திருத்தத்துக்கு விண்ணப்பம் போட இன்னொரு நாள் வாருங்கள் என்றாள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. எனக்கு லீவு கிடைத்தால் அவருக்குக் கிடைக்காது. அவர் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறார், பழம் யாருக்காகவும் காத்திருக்காது. நாளைக்கு, அடுத்த மாதம், ஸ்கூல் லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே போனோம். அதற்குள் பள்ளியில் பிள்ளைகள் அவளை ஏஎல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கால்பந்து விளையாடப் போன இடத்திலும் அதே பெயர்தான். அவள் கோல் காப்பவள். "ஏஎல், கெலுவார்!" என்று தோழிகள் கத்துவார்கள். கம்பத்தை விட்டு வெளியே வந்து பந்தைப் பிடி என்று அர்த்தம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ சிரித்துக்கொண்டே ஓடி வருவாள்.

போன வருடம் அவள் அணி, ஐசியில் இருந்த எழுத்தை யாரும் கண்டுகொள்ளாமலே, மாநிலத்தில் ஜெயித்து, பிறகு நாட்டிலேயே முதலாவதாக வந்தது. அதனால் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான வட்டாரப் போட்டிக்கு மலேசியாவின் சார்பாக அவர்களை அனுப்பினார்கள். ஐந்து நாடுகளிலிருந்து ஐந்து அணிகள். முதலிடம் பிடிக்கும் ஒரே ஓர் அணிதான் உலகப் போட்டிக்குப் போகும். போட்டி நடப்பதும் எங்கள் ஜோகூரிலேயே. மூன்று வருடமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடியவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பதிவு மேசையை ஜோகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் போட்டிருந்தார்கள். பதினெட்டு பிள்ளைகளும் அணிச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். என் மகள் ஆறாவது, நான் அவள் பக்கத்தில். மேசையில் இருந்த அதிகாரி ஐசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் ஐசியைப் பார்த்தார். ஒட்ட வெட்டிய முடி, என்னைவிட ஒரு சாண் உயரம், கை இரண்டும் முறம் மாதிரி.

"அக்கா, இதுல லெலாக்கின்னு இருக்கே?"

"பேருல தப்பு விழுந்துருச்சுங்க. கீழ பாருங்க, பெரம்புவான்னு தெளிவா போட்டிருக்கு."

"மேல ஒன்னு, கீழ ஒன்னு. நான் எதை நம்புறது?" அவர் அட்டையை மேசையில் தட்டினார். "ஒரு டாக்டர்கிட்ட காட்டி, பொண்ணுதான்னு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க. சின்ன விசயம் லா."

மற்ற நாட்டுப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெனால்டி அடிக்க வருபவளின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கிறவள் அவள். அவள் தலை குனிந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"டாக்டர் எதுக்கு? தப்பு பேப்பர்லதானே இருக்கு? பேப்பரைக் கொண்டுபோயி டாக்டர்கிட்ட காட்டுங்க!"

நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான். ஆனால் கோபம் எனக்குத் தமிழில்தான் வரும், அதனால் நடுவில் நாலு வார்த்தை அப்படியே விழுந்துவிட்டது. அவருக்கு அர்த்தம் புரிந்திருக்காது, சத்தம் புரிந்திருக்கும். நாளை மதியம் இரண்டு மணிக்குப் பட்டியலை மூடுகிறோம் என்றார். அதற்குள் டாக்டர் கடிதமோ திருத்திய பத்திரமோ வராவிட்டால் அவள் பெயர் அதில் இருக்காது.

சாயங்காலம் அணியின் கோச்சிடம் அனுமதி கேட்டு, நானும் என் வீட்டுக்காரரும் அவளைப் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனோம். ரொட்டி வருவதற்குள் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"மூத்தவன் பத்திரத்தைப் பாத்து எழுதுன மகராசன்தானே நீங்க? அன்னைக்குக் கண்ணை எங்க அடகு வச்சிருந்தீங்க?"

அவர் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு இது பழகிப்போன பாட்டு.

"ம்மா, விடுங்க," என்றாள் மகள். "டாக்டர்கிட்ட போயிட்டு வந்துரலாம். அஞ்சு நிமிசம். யாருக்கும் தெரியாது."

"ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அது போதாதா?"

"போதும்தான்! ஆனா விளையாடப் போறது யாரு, நீங்களா நானா? ஒங்க ரோசத்துக்கு நான் வெளிய உக்காரணுமா?"

சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். ஆனால் ஒரு பிள்ளை பந்து விளையாட வேண்டுமென்றால் தன் உடம்பைக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. இன்றைக்கு அஞ்சு நிமிடம் என்று போனால், நாளைக்கு எவன் சந்தேகப்பட்டாலும் போக வேண்டியதுதான். பிறகு வாழ்க்கை முழுக்கச் சான்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் எனக்கு டைம் குடு," என்றேன். "என்னால முடியலன்னா நீ சொல்றதுதான். நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் தலையாட்டினாள். ரொட்டியில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை குளுவாங் பதிவு அலுவலகம் கதவைத் திறந்தபோது முதல் ஆளாக நின்றது நானும் என் வீட்டுக்காரரும்தான். முகப்பில் இருந்தவர் பொறுமையான மனிதர். விண்ணப்பத்தை இன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் திருத்தம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும், யார் வந்து கேட்டாலும் இதுதான் கதை என்றார். பழைய பாரத்தின் நகல் இருக்கிறதா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் எதையும் தூக்கிப் போடாத ஆள். லாரி டயர் மாற்றிய ரசீதுகூட வீட்டில் இருக்கும். தன் பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து, மஞ்சளாகிப் போன ஒரு நகலை எடுத்து முகப்பில் வைத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன்.

ஆங்கிலத்தில் எல் எழுதும்போது அதன் வாலில் நான் ஒரு சின்ன கொக்கி போடுவேன். பள்ளியில் டீச்சர் அடித்தும் போகாத பழக்கம். அந்தப் பாரத்தில் என் மகள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஏ, ஒரு கோடு, கொக்கி போட்ட ஓர் எல். மேலிருந்து கீழ் வரை என் கையெழுத்து. பிள்ளை பெற்ற உடம்போடு படுத்துக்கொண்டே நான் எழுதிக் கொடுத்ததை அவர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன் மெதுவாக.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டுருவியா? பேனா சரியில்ல, அந்தப் பேனாவ வாங்குனது நீங்கதான்னு சொல்லுவ."

முகப்பில் இருந்தவருக்குத் தமிழ் தெரியும்போல, குனிந்து சிரிப்பை மறைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருடத் திட்டையும் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்ப வாங்குவது? வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட உட்கார்ந்தால் இரண்டு மணி ஆகிவிடும். விண்ணப்பத்துக்கு முத்திரை போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். நெடுஞ்சாலையில் யாரும் யாரையும் திட்டவில்லை. அந்த அமைதி எனக்கே புதிதாக இருந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. அதிகாரி ரசீதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது ரசீது அக்கா. திருத்தம் இல்லையே. டாக்டர் லெட்டர் எங்க?"

மஞ்சள் நகலை அவர் முன்னால் வைத்தேன்.

"இதை எழுதுனது நான். தப்பு பண்ணுனது நான். தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க. இப்ப ஒங்க ஐசிய எடுங்க."

"என் ஐசி எதுக்கு?"

"எடுங்க சார்!"

என்ன நினைத்தாரோ, எடுத்துவிட்டார். இந்த நாட்டில் ஐசி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பெட்டிக் கடைக்காரருக்கும் தெரிந்த சங்கதி. அவருடையது ஒற்றைப்படை. என் மகளுடைய அட்டையை அதன் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப்படை.

"பேர நான் எழுதுனேன், அதான் தப்பாப் போச்சு. இந்த நம்பர நான் எழுதல. கவர்மெண்டு குடுத்தது. கவர்மெண்டையும் டாக்டர்கிட்ட அனுப்பப் போறீங்களா?"

அவர் முகம் சிவந்தது. விதி என்றார், பொறுப்பு என்றார், நாளைக்கு எதிரணி புகார் கொடுத்தால் யார் பதில் சொல்வது என்றார். அந்தப் பயம் எனக்கும் புரிந்தது, ஆனால் அவர் பயத்துக்கு என் பிள்ளையா விலை?

அப்போதுதான் கோச் எழுந்து வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். கையில் மற்றப் பதினேழு பிள்ளைகளின் ஐசியையும் வைத்திருந்தார். சீட்டு பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

"எல்லாத்தையும் பாருங்க," என்றார். "ஒருத்திக்கு டாக்டர்னா பதினெட்டு பேருக்கும் டாக்டர். அஞ்சு நாட்டுக்கும். எழுத்துல கேளுங்க, நான் கையெழுத்து போட்டுத் தரேன்."

பின்னால் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி "பெத்துல் லா!" என்றாள், சரிதானே என்று. என் மகள் தலையை நிமிர்த்தினாள். அதிகாரி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிடம் வரவில்லை. என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர் ரசீதையும் நகலையும் பட்டியலோடு சேர்த்துப் பின் குத்தினார். என் மகள் பெயருக்கு நேரே முத்திரை விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகள் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் அடித்தோம், அதற்குப் பிறகு முழு நேரமும் பந்து எங்கள் பக்கம்தான். கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர். பந்து வளைந்து மேலே எழும்பி வந்தது. கீழே பத்துத் தலைகள். உள்ளேயே நிற்பதா, வெளியே வருவதா என்று அவள் ஒரு கணம் தயங்கியதைப் பெற்றவள் நான் பார்த்தேன்.

"ஏஎல்! கெலுவார்! ஏஎல்!"

கத்தியது நான்தான். காது கூசும் என்று இத்தனை நாளாக நான் வாயில் எடுக்காத பெயர், தொண்டை கிழிய வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாமார்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவள் வெளியே வந்தாள். அத்தனை தலைக்கும் மேலே அந்த முறம் போன்ற கைகள் எழும்பின, பந்தைக் குத்தி வெளியே தள்ளின. ஆட்டம் முடிந்த ஊதல் கேட்டது. என் வீட்டுக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று அழுதுகொண்டிருந்தார்.

பரிசளிப்பு முடிந்ததும் அதே அதிகாரி உலகப் போட்டிக்கான பாரங்களை எடுத்து வந்தார். ஐசியில் உள்ளபடியே எழுத வேண்டும், திருத்தம் வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். என் முறை வந்தபோது பேனாவை நீட்டினார்.

"அக்கா, நீங்களே எழுதிருங்க."

கிண்டலா மரியாதையா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தால் எனக்கென்ன? மகள் சேறு பூசிய கையோடு என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடிய போட்டுக்க," என்றார் என் வீட்டுக்காரர்.

போட்டுக்கொண்டேன். அவள் பெயரை எழுதினேன். பிறகு ஏ, ஒரு கோடு, ஓர் எல். ஒரு தடவைக்கு மூன்று தடவை சரி பார்த்தேன். அன்றைக்குத் தெரியாமல் எழுதியதை இன்றைக்குத் தெரிந்தே எழுதி, வாலில் கொக்கியையும் நன்றாக இழுத்துவிட்டேன்.