படகின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள்

எங்கள் கடற்கரையில் ட்ரெக்டரில் கொளுவிப் படகு இழுக்கும் ட்ரெயிலர்களில் விளக்கு நிலைப்பதில்லை. படகை இறக்கவும் ஏற்றவும் ட்ரெயிலரைச் சில்லு மூழ்கும் வரை கடலுக்குள் தள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட வயர் ஒரு பருவம்கூடத் தாங்காது, பச்சை பிடித்து உதிர்ந்துவிடும். அதனால் கண்டக்குழியில் எல்லோரும் வலை லைட்டைத்தான் கட்டுவார்கள். கடலில் வலை கிடக்கும் இடம் தெரிவதற்காக மிதவையில் கட்டும் சின்ன விளக்கு அது. பற்றரியில் எரியும், தண்ணீர் புகாது, சிவப்பாக விட்டு விட்டு மினுங்கும். இங்கே வலை இருக்கிறது, விலகிப் போ என்பது கடலில் அதன் அர்த்தம். ரோட்டிலும் அதுவே போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

என் கணவர் அந்த விளக்குகளைப் பார்த்தே வளர்ந்தவர். அன்று புத்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். மஃரிப் தொழுகை முடிந்து, வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரம். வழியில், கடல் உள்ளே வந்து கிடக்கும் களப்பு ரோட்டுக்கு மிகக் கிட்ட வரும் வளைவு ஒன்று உண்டு. அந்த நேரத்தில் களப்பு முழுக்க வலை விளக்குகள் மினுங்கும். ரோட்டில் நின்றிருந்த ட்ரெயிலரிலும் ஒன்று மினுங்கியது. வெளியூர் ஆள் என்றால், ஏதோ சிவப்பாகத் தெரிகிறதே என்று பிரேக்கைப் பிடித்திருப்பான். இவர் கடல்காரர். அதையும் களப்பு விளக்குகளோடு சேர்த்துக்கொண்டார்.

அந்த ட்ரெயிலர் என் தம்பியுடையது. சில்லில் காற்றுப் போய், ஜாக் வாங்கப் பக்கத்து வீட்டுக்கு நடந்து போயிருந்தான். மோதிய சத்தம் கேட்டு ஓடி வந்து மச்சானைத் தூக்கியவனும் அவன்தான்.

ஆஸ்பத்திரியில் என் கணவருக்குக் கொஞ்ச நேரம் நினைவு இருந்தது. "வலை லைட்டுண்டு நெனச்சன்" என்றார். பிறகு, ஏதோ கணக்கைச் சரிபார்ப்பவர் போல மறுபடியும், "களப்புக்குள்ள இரிக்கிதுண்டு நெனச்சன்" என்றார். யாரையும் குறை சொல்லும் குரல் அல்ல அது. தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். விடிகாலை சுபஹுத் தொழுகைக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார்.

பிறகு வழக்கு நடந்தது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நான் இருந்ததால் போகவில்லை. மருமகன் போய்வந்து சொன்னார். பின்னால் இரண்டு நிலையான சிவப்பு விளக்கு இல்லை, ஒளியைத் திருப்பும் தகடு இல்லை, ட்ரெயிலரின் சொந்த இலக்கத் தகடு இல்லை, கொளுவி கழன்றால் பிடிக்கச் சங்கிலி இல்லை, நின்ற இடத்துக்குப் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் இல்லை என்று ஒவ்வொன்றாக வாசித்தார்களாம். சரிதானா என்று கேட்டபோதெல்லாம் தம்பி "ஓம்" என்றானாம். தண்டத்தையும் கட்டிவிட்டுத் தனியாகப் போய்விட்டானாம்.

அதற்குப் பிறகு அவன் என் வீட்டுக்குள் வரவில்லை. இத்தாவில் இருப்பவளை உடன்பிறந்தவன் வந்து பார்க்கத் தடை ஏதும் கிடையாது. அதை எல்லோரும் அவனிடம் சொன்னார்கள். ஆனாலும் காலையில் கேட்டடிக்கு வருவான், மீன் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவான். சைக்கிள் சத்தம் கேட்டு நான் எழும்பிப் போவதற்குள் பை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். இத்தா முடிந்தும் அப்படித்தான். நான் ஒவ்வொரு நாளும் நடப்பதை எழுதி வைக்கிறவள். மழை, கரண்ட் போனது, மீன் வந்தது எல்லாம் எழுதுவேன். ஆனால் என் தம்பி எப்போது திரும்பி வருவான் என்பதை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு விபத்தில் இரண்டு பேரைப் பறிகொடுத்தேன் என்று நினைத்துக்கொள்வேன். கணவர் இனி வரமாட்டார். மற்றவன் கேட் வரைக்கும் வருகிறானே.

வீட்டு வளவில் கிடந்த என் கணவருடைய படகில் வெயிலுக்கு அடிப்பக்கம் வெடித்துவிட்டது. அடுத்த பருவத்துக்கு அதில் கடலுக்குப் போக மருமகன் ஆசைப்பட்டார். நுரைச்சோலையில் ஃபைபர் வேலை செய்யும் இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். இழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் வலை லைட் கட்டிய ட்ரெயிலரில் அந்தப் படகு வளவை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டேன். வழக்கில் வாசித்த எல்லாமே இருக்க வேண்டும் என்றேன்.

"எல்லாம் மாட்டினா அது ட்ரெயிலர் இல்ல ராத்தா, கலியாண ஊடு" என்றார் ஒருவர். இன்னொருவர், "பகல்ல இழுக்க எதுக்கு லைட்டு?" என்று கேட்டார். இந்த ரோட்டில் பகலில் புறப்பட்டது பகலிலேயே போய்ச் சேர்ந்த கதை எனக்குத் தெரியாது என்றேன்.

இது தம்பியின் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு காலை பையை மாட்டிவிட்டு அவன் போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று சொன்னான்:

"நான் இழுக்குறன் ராத்தா."

"ட்ரெக்டர்ல ஏறி எத்தின நாளாச்சு ஒனக்கு?"

"லைட்டு செஞ்சிட்டன். கடல்ல எறங்கக்குள்ள கழட்டி வைக்கிற மாதிரி."

அவன் செய்திருந்தது ஒரு பலகை. இரண்டு ஓரத்திலும் சிவப்பு விளக்கு, பக்கத்தில் சிவப்புத் தகடுகள், நடுவில் இலக்கம். படகின் பின்பக்கத்தில் கட்டி, வயரை முன்னால் கொண்டுபோய் ட்ரெக்டரில் குத்த வேண்டும். ட்ரெயிலர் தண்ணீரில் இறங்கும்போது பலகை கரையில் இருக்கும். இத்தனை காலமும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

வளவு வாசலில் நின்று சோதித்தோம். அவன் ட்ரெக்டர் சீட்டில். நான் படகுக்குப் பின்னால்.

"எரியுதா?"

"ஓம், எரியுது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

நேருக்கு நேர் பார்க்காமல் கதைப்பது இருவருக்கும் இலேசாக இருந்தது.

ளுஹர் தொழுகையும் பகல் சாப்பாடும் முடிந்து புறப்பட்டோம். அவன் முன்னால் ட்ரெக்டரில். மருமகனுடைய ஓட்டோவில் நான் பின்னால். சந்தியில் பொலிஸ் மறித்தது. சிங்கள அதிகாரி ஒருவர், வயதானவர், ட்ரெயிலரைச் சுற்றி வந்தார். குனிந்து கொளுவியைப் பார்த்தார். சங்கிலியைக் காலால் தட்டினார்.

"இது என்ன, செயினும் இரிக்கி?"

"ஓம் சேர்" என்றான் தம்பி.

"லைட்டும் இரிக்கி? அப்ப நான் எதுக்கு எழுதுறது?" என்று சிரித்துவிட்டு, கூட நின்ற பொலிஸ்காரரையும் பார்க்கக் கூப்பிட்டார். அப்புறம் ட்ரெயிலருடைய காப்புறுதியைக் கேட்டார். அது வீட்டில் இருந்தது. மருமகன் போய்த் தேடி எடுத்துவந்து, அதை அவர் ஆறுதலாக வரி வரியாக வாசித்து முடிக்க, அஸர் தொழுகை நேரமும் கழிந்து வெயிலும் மங்கிவிட்டது. எல்லாம் சரியாக இருந்ததால்தான் பொழுது போனது.

வளைவுக்கு வந்தபோது மஃரிப் பாங்கு கேட்டது. இடப்பக்கம் களப்பு. விளக்குகள் மினுங்கத் தொடங்கியிருந்தன, ஒன்று கிட்ட, இரண்டு தூரத்தில், மற்றவை எண்ணி முடியாமல். முன்னால் தம்பியின் இரண்டு சிவப்பும் அசையாமல் போய்க்கொண்டிருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திடீரென்று அவை அணைந்தன. பிறகு எரிந்தன. அணைந்தன. ஒன்று மட்டும் விட்டு விட்டு மினுங்கியது.

எல்லாம் தெரிந்து, அதையே காவல் பார்க்க வந்தவள் நான். என் கண் அந்த மினுக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் களப்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. முன்னால் ரோடு வெறுமையாக இருந்தது. படகும் இல்லை, தம்பியும் இல்லை. அவர் கடைசியாகக் கண்டது இதைத்தான். நான் கத்தியிருக்க வேண்டும். மருமகன் ஹோர்னை அழுத்திப் பிடித்தார்.

தம்பி நிறுத்தினான். அதே வளைவு. இறங்கிப் பின்னால் வந்தவன், மினுங்கும் விளக்கைப் பார்த்ததும் கால் எடுத்து வைக்காமல் நின்றுவிட்டான்.

"வயரப் பாரு. பின்னால நான் நிக்கிறன்" என்றேன்.

ஓட்டோவிலிருந்த முக்கோணத்தையும் சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே நடந்தேன். வளைவு தொடங்கும் முன், தூரத்திலிருந்தே தெரியும் இடத்தில் முக்கோணத்தை வைத்துவிட்டு ரோட்டோரம் நின்றேன்.

"மாமி, கறுப்பு அபாயாவோட நிண்டா ஒங்களுக்கும் ஒரு லைட்டு கட்டணும்" என்று மருமகன் ஃபோன் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

அன்று என் கணவர் வந்தது புத்தளம் பக்கமிருந்துதான். நாங்கள் நின்றது அதற்கு எதிர்ப்புறம், கற்பிட்டிப் பக்கம். ஆனாலும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் என் நெஞ்சு அதே ஆளையே எதிர்பார்த்தது. ஒன்று வந்தது. துணியை வீசினேன். வேகத்தைக் குறைத்து, பின்னால் மீன் பெட்டி கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன ராத்தா, ரோட்டுலயா வலை போட்டிரிக்கிறீங்க?"

"ஓம், சுத்திப் போங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே விலகிப் போனார். சுற்றிப் போனார், அவ்வளவுதான். அவ்வளவு இலேசான விஷயம் அது. மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு டோர்ச்சை வேறு பக்கம் திருப்பினார்.

ட்ரெக்டரில் குத்தும் இடத்தில்தான் பிழை. உப்புக் காற்றுப் பிடித்திருந்தது. தம்பி கத்தியால் சுரண்டி, மறுபடி குத்திவிட்டு, மருமகனை முக்கோணத்தடியில் விட்டு நான் படகுக்குப் பின்னால் வந்ததும் சீட்டில் ஏறிக் கத்தினான்.

"எரியுதா?"

"ஓம்."

"மினுங்குதா?"

"இல்ல. நேரா எரியுது."

ட்ரெக்டர் நகரவில்லை.

"ராத்தா, எரியுதா?"

"எரியுது தம்பி."

எத்தனை தரம் கேட்டான் என்று நான் எண்ணவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பிறகு மெதுவாக எடுத்தான்.

நுரைச்சோலையில் படகை இறக்கிவிட்டு வெறும் ட்ரெயிலரில் பலகையைக் கட்டிக்கொண்டு திரும்பினோம். என் கேட்டடியில் தம்பி ட்ரெயிலரை ரோட்டை விட்டு வேலியோரம் தள்ளிக் கழற்றிவிட்டு, பலகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இதப் பனியில வைக்கேலா. படகு வரும் மட்டும் இங்க இரிக்கட்டுமா?"

"உள்ள கொண்டு வா."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். வலைகள் தொங்கும் சுவர்ப் பக்கம் போனவன் அப்படியே நின்றான். மச்சானுடைய வலை லைட் ஒன்று ஆணியில் தொங்கியது.

"பற்றரி இரிக்கா அதுக்குள்ள?"

"இல்ல. எப்பவோ எடுத்துட்டன்."

அவன் அதைத் தொடவில்லை. பலகையை அதற்குக் கீழே, சிவப்புப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி சாத்தி வைத்தான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கதிரையில் இருக்காமல் நின்றே குடித்தான். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் குடித்தான். நானும் பற்றரி இல்லாத அந்த வலை லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், மினுங்குகிறதா என்று.