கிணற்று நீரில் கழுவிய கடல் மண்

சாய்ந்தமருதில் பெண்பிள்ளையைப் பெற்றவளுக்கு நிம்மதியான உறக்கம் ஏது? கல்யாணத்துக்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். அஸீஸாவுக்கோ இரண்டு பெண்கள். மூத்தவள் ஆதிலாவின் வீட்டைத் தொண்ணூறாம் ஆண்டில் கட்டினாள். சண்டையால் வீதிகள் மூடிக் கிடந்த காலம். ஆற்று மண் லொறி ஒன்றும் வரவில்லை. கல்யாணமோ காத்திருக்காது. கணவர் மக்கீன் கடற்கரை மண்ணை வண்டியில் கொண்டுவந்து கொட்ட, அஸீஸா வளவுக் கிணற்றில் வாளி வாளியாக அள்ளி அதைக் கழுவினாள். உப்புப் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் உப்புக் கரித்து வாயில் வைக்க முடியாது என்பது மட்டும் அப்போது ஒருவருக்கும் நினைவு வரவில்லை, அவளுக்குந்தான். ‘நான் கழுவின மண்’ என்று பல காலம் பெருமை வேறு!

தொண்ணூற்றேழில் நடு அறையின் கொங்கிறீட் கூரையில் காவி நிறத்தில் ஒரு கறை வந்தது. பிறகு வெடிப்பு. ஒருநாள் பேரப்பிள்ளையின் மரத் தொட்டிலுக்குள் கொங்கிறீட் துண்டொன்று கிடந்தது. புளியங்கொட்டை அளவுதான். அஸீஸா உடனே மேசனுக்கு ஆள் அனுப்பினாள்.

மேசன் றவூப் வந்து சுத்தியலால் கூரையைத் தட்டினார். ஓரத்தில் ணங்கென்றது. நடுவில் பொத்தென்றது.

“ராத்தா, உள்ளுக்குக் கம்பி கறள் புடிச்சி, துருவா ஊதிப்போய்க் கிடக்கு. பூசி மறைச்சிராதீங்க. இதுக்கு மேல ஒரு கல்லும் ஏத்தப்படாது. இத இறக்கிட்டு ஓட்டுக் கூரை போடுங்க.”

ஏற்ற இருந்தது ஒரு கல்லா? இளையவள் கமீலாவுக்கு அதன்மேல் மாடிவீடு என்று பேச்சே முடிந்திருந்தது. மக்கீன் எரிந்து விழுந்தார்.

“மாப்பிள்ள ஊட்டார் வாற நேரத்தில கூரைய உடைக்கிறதா? மேசன் ஆயிரம் சொல்லுவான். நீ வாயப் பொத்திக்கிட்டு இரி.”

வேறு ஆளைப் பிடித்து வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பும் அடித்தார். மேலே கற்கள் ஏறத் தொடங்கின. அஸீஸா தொட்டிலைச் சுவரோரம் நகர்த்துவாள். காற்று வரட்டும் என்று ஆதிலா திரும்ப நடுவுக்கு இழுப்பாள். சோளம் பொரிவது போல ஒரு சத்தம் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“உம்மா, என்ட கல்யாணத்தக் கெடுத்துராதீங்க” என்று, கூரைப் பேச்சை எடுத்தபோதெல்லாம் கமீலா அழுதாள்.

மாப்பிள்ளையின் தாய் ஆயிஷா உம்மா அடுத்த தெருக்காரி. ஒரு பகல் வீடு பார்க்க வந்தவள், அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். பிள்ளை தொட்டிலில், அந்த வெடிப்புக்கு நேர் கீழே உறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அஸீஸாவால் தாங்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கி ஆதிலாவின் கையில் கொடுத்து, எல்லோரையும் முற்றத்துக்கு விரட்டினாள். தேங்காய் பறிக்கும் கொக்கத்தடியை எடுத்துவந்து, நடு அறை வாசற்படியில் நின்றபடியே கூரையில் குத்தினாள்.

ஒரே குத்துத்தான். புதுப் பூச்சோடு பெரிய துண்டொன்று பெயர்ந்து விழுந்தது. தொட்டில் நொறுங்கியது. மேலே, கறள் தின்று தீர்த்த கம்பிகள் தொங்கின.

கமீலா முகத்தை மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இந்தச் சம்பந்தம் இனி இல்லை என்று அஸீஸாவுக்குத் தெரிந்தது. ஏச்சு வாங்கத் தயாராகச் சம்பந்திப் பக்கம் திரும்பினாள்.

ஆயிஷா உம்மா ஏசவில்லை. தொங்கிய கம்பிகளையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அஸீஸா, இது எந்த வருஷம் போட்ட?”

“தொண்ணூறில.”

“என்ன மண்?”

“கடல் மண்தான். கிணத்துத் தண்ணியில நல்லாக் கழுவித்தான்…”

ஆயிஷா உம்மாவின் வீட்டுக் கூரையும் அதே வருடம், அதே கரை மண்ணில் போட்டது. அவளும் கழுவித்தான் போட்டாள். அதன்மேல் மாடி எழும்பி, ஆட்களும் குடியேறியாயிற்று. கீழே அவளுடைய மகளும் பிள்ளைகளும் பகல் தூக்கத்தில் இருந்தார்கள். அவள் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.