கூரம் வரை போன திருத்தம்

நேற்று முன்தினம் காலை தறியில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரிப் பியூன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "உங்க ஏகாம்பரம் சார் பூட்டாருங்க. மார்வலி" என்றார். கையிலிருந்த, குறுக்கு நூல் சுற்றிய நாடாவை அந்தப் பக்கம் ஓட்டி முடித்தேன். பிறகு இந்தப் பக்கமும் ஓட்டினேன். பியூன் நின்றுகொண்டே இருந்தார்.

பேராசிரியர் ஏகாம்பரம் என் அக்காவின் மகன். வயதில் எனக்கு நாலே வருடம் இளையவர். நான் எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனாலும் அவருக்கு வந்த கணக்கு எங்கள் பக்கத்து ரத்தம் என்று பெரிய காஞ்சிபுரம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், மறுத்தவர் இல்லை.

பி.எஸ்ஸி.க்கு நவீன இயற்கணிதமும் எண் கோட்பாடும் புதிதாக வந்தபோது மற்ற ஆசிரியர்கள் ஓடி ஒளிந்தார்கள். அவர்தான் ஏற்றார். முதல் வகுப்பை நானே ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒரு மாணவர் எழுந்து, "இன்னா சார், நம்பரே இல்லாம கணக்கா? பாவு நூலே இல்லாம பொடவை நெய்யச் சொல்றீங்களே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஏகாம்பரமும் சிரித்துக்கொண்டே, "நெய்யலாம்பா. மொதல்ல தறி எப்படி ஓடுதுன்னு பாரு" என்றார்.

அந்த வருடப் பரீட்சைக்கு முந்தின நாள் மதியம் என் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, கடைசி வகுப்புல தப்பா சொல்லிட்டேன். ரெண்டு எண்ணைப் பெருக்கி வர்றதை ஒரு எண் வகுத்தா, அந்த ரெண்டுல ஒண்ணையாவது அது வகுக்கும்னேன். பகா எண்ணுக்குத்தான் அது சரி. நாலொம்பது முப்பத்தாறு. ஆறு அதை வகுக்குது. நாலை வகுக்குதா? ஒம்பதை வகுக்குதா?"

"யாருக்குத் தெரியப்போவுது? உட்டுத்தள்ளு மாப்ளே."

"பசங்க நாளைக்கு அதையே எழுதிட்டு வந்து நிப்பாங்க மாமா. கூரத்து ஞானவேலு இந்தத் தடவை தேறலன்னா அவங்கப்பா ஏர் புடிக்க வச்சுருவாரு."

வகுப்பிலிருந்த பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் சைக்கிளில் போனோம். மிதித்தவர் அவர், பின்னால் உட்கார்ந்து வழி சொன்னவன் நான். வழி சொல்வதுதான் கடினம்.

கூரத்தில் ஞானவேலு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்தார். நோட்டில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றதும் கேட்டார்: "இதுக்கா சார் இம்மாந்தூரம் வந்தீங்க? புக்குல தப்பா சார்?"

"புக்குலதாம்பா! உங்க சார் கண்டுபுடிச்சிட்டாரு" என்று முந்திக்கொண்டேன்.

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பவில்லை. "இல்லப்பா. தப்பு என்னுது. நோட்டை எடு" என்றார். நோட்டு வந்ததும் வரப்பிலேயே உட்கார்ந்து தம் கையால் அடித்து எழுதினார்.

திரும்பும்போது சொன்னார்: "என்னைப் பத்தி இன்னா வேணா அளந்துக்க மாமா. இதை மட்டும் மாத்திச் சொல்லாத."

மறுநாளே, தப்பு புத்தகத்தில்தான் என்று ஊரெல்லாம் மாற்றிச் சொன்னேன். என் மாப்பிள்ளை தப்பு செய்தார் என்று என் வாயால் எப்படிச் சொல்வது? ஆறு வருடம் சொல்லச் சொல்ல, அது லண்டனில் அச்சடித்த புத்தகமே ஆகிவிட்டது.

நேற்று அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பட்டுக்கடைக்காரர் ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு, "லண்டன் புக்குலயே தப்பு கண்டுபுடிச்ச மனுஷனாச்சே" என்றார். இப்போது கணக்கு வாத்தியாராக இருக்கும் ஞானவேலு கால்மாட்டில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றேன். "தப்பு அவரோடது. வூடு வூடாப் போயி அவரே சொன்னாரு. நான்தான் மாத்திச் சொல்லிக்கினு இருந்தேன்."

கடைக்காரர் விழித்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகும் அந்த டம்ளர் தண்ணீர் குறையாமல் என் கையிலேயே இருந்தது.

போய் வா மாப்ளே. சொல்லிவிட்டேன்.